விளையாட்டு ஓடுகிறது, பாட்டைக் காணோம்

(கணினிப் பக்கம்: வாசகர் கேள்வி பதில்)

இந்தத் தடவை வந்த கேள்விகளைப் பார்த்தால், திஞ்சான் (பர்மியப் புத்தாண்டு) விடுமுறையில் ஆளாளுக்குப் பழைய கேம்களைத் தூசி தட்டி எடுத்திருக்கிறீர்கள் என்று தெரிகிறது. தண்ணீர் ஊற்றிய நேரம் போக மீதி நேரமெல்லாம் எமுலேட்டர்தான் (பழைய கன்சோல் போல நடித்து அதன் கேம்களை ஓட்டும் நிரல்) போலிருக்கிறது. எல்லாமே சிடியில் வந்த கன்சோல் கேம்கள், எல்லாருக்கும் ஏறக்குறைய ஒரே குறை. அதனால் இந்த இதழை அதற்கே விட்டுவிட்டேன். பிரிண்டரும் வைஃபையும் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அண்ணே, போனில் மெகா சிடி (செகா கன்சோலின் சிடி இணைப்பு) எமுலேட்டர் போட்டு சோனிக் சிடி விளையாடுகிறேன். குதிக்கிற சத்தம், வளையம் எடுக்கிற சத்தம் எல்லாம் நன்றாக வருகிறது. பின்னணிப் பாட்டு மட்டும் சுத்தமாக இல்லை. ஆனால் ஒரு வேடிக்கை, கேமுக்குள் ‘கடந்த காலம்’ போனால் மட்டும் பாட்டு வருகிறது! திரும்பி வந்தால் மறுபடி அமைதி. எமுலேட்டர் கெட்டுப்போச்சா?
(கல்லூரி மாணவர், ரங்கூன்)

பதில்: தம்பி, எமுலேட்டருக்கு ஒன்றும் ஆகவில்லை. வேடிக்கை என்று நீங்கள் எழுதினீர்களே, அதிலேயே விடை இருக்கிறது.

1993-இல் வந்த அந்த கேமில் பாட்டு இரண்டு வழியாக வருகிறது. கடந்த காலப் பகுதிகளின் பாட்டை மெகா சிடிக்குள் இருக்கும் ஒரு ஒலிச் சில்லு வாசிக்கிறது. அதற்கு வேண்டிய ஒலித் துண்டுகள் கேமின் டேட்டாவுடன் கலந்தே இருக்கின்றன. நிகழ்காலம், எதிர்காலம் இரண்டின் பாட்டுகளும் அப்படியில்லை. அவை சாதாரண பாட்டு சிடியில் இருப்பது போலவே டிஸ்கில் தனித்தனி ட்ராக்குகளாகப் பதிந்திருக்கும். முதல் ட்ராக் கேம், இரண்டாவதிலிருந்து பாட்டு. கேம் செய்வதெல்லாம் டிரைவுக்கு ‘இன்ன ட்ராக்கைப் போடு’ என்று உத்தரவு கொடுப்பதுதான். இந்த டிஸ்கை வீட்டு சிடி ப்ளேயரில் போட்டால் பாட்டு அப்படியே பாடும், முதல் ட்ராக்கை மட்டும் தாண்டிவிட வேண்டும். அது டேட்டா, சில ப்ளேயரில் பயங்கரமாக இரைந்து ஸ்பீக்கரைப் பதம் பார்க்கும்.

ஆக, உங்களிடம் முதல் ட்ராக் மட்டும் இருக்கிறது, அல்லது எல்லாம் இருந்தும் எமுலேட்டருக்கு முதல் ட்ராக் மட்டும் தெரிகிறது. எது என்று கண்டுபிடிக்க ஃபோல்டரைத் திறந்து பாருங்கள்.

ஒரே ஒரு ஐஎஸ்ஓ ஃபைல்தான் இருக்கிறது என்றால் கதை முடிந்தது. ஐஎஸ்ஓ என்பது டேட்டா ட்ராக்கின் ஒவ்வொரு செக்டாரிலிருந்தும் (டிஸ்கின் சிறு துண்டு) 2048 பைட்டை மட்டும் எடுத்து அடுக்கி வைப்பது, பாட்டு ட்ராக்குக்கு அதில் இடமே கிடையாது. எமுலேட்டரில் எந்த அமைப்பை மாற்றினாலும் இல்லாத பாட்டு வராது. டிஸ்கிலிருந்து திரும்ப எடுப்பது ஒன்றுதான் வழி. விண்டோஸில் இம்ஜ்பர்ன் போன்ற நிரலில் எடுத்தால், பல ட்ராக் உள்ள டிஸ்க் என்று அதுவே கண்டுகொண்டு பின் (.bin) ஃபைலும் க்யூ (.cue) ஃபைலுமாகத் தரும், டேட்டாவும் பாட்டும் பின்னில், அவற்றின் பட்டியல் க்யூவில்.

க்யூ ஃபைல், கூடவே ஒன்றோ பலவோ பின் ஃபைல்கள் இருந்தால் நல்ல செய்தி. அப்போது கேட்க வேண்டியது, எமுலேட்டரில் எதைத் திறக்கிறீர்கள்? பலர் பெரிய ஃபைலாகப் பார்த்து பின்னைத் திறந்துவிடுகிறார்கள். கேம் ஓடிவிடும், அதனால் சந்தேகமும் வராது. ஆனால் எந்தப் பாட்டு எங்கே தொடங்குகிறது என்று எழுதி வைத்திருப்பது க்யூ ஃபைலில்தான், பாட்டுப் புத்தகத்துக்குப் பொருளடக்கம் மாதிரி. எப்போதும் க்யூவைத்தான் திறக்க வேண்டும்.

க்யூவைத் திறந்தும் பாட்டு இல்லை, அல்லது கேமே திறக்க மறுக்கிறது என்றால் அதை நோட்பேடில் திறந்து படியுங்கள், வெறும் ஆங்கில எழுத்துதான். ‘ஃபைல்’ என்ற சொல், பிறகு இரட்டை மேற்கோளுக்குள் பின் ஃபைலின் பெயர், கடைசியில் ‘பைனரி’. அதன் கீழே ட்ராக் 01, மோட் 1/2352 (2352 என்பது ஒரு செக்டாரின் மொத்த பைட்) என்று ஒரு வரி, இண்டெக்ஸ் 01 00:00:00 என்று ஒரு வரி. அப்புறம் ட்ராக் 02 ஆடியோ, ட்ராக் 03 ஆடியோ என்று போய்க்கொண்டே இருக்கும். மேற்கோளுக்குள் இருக்கும் பெயரும் ஃபோல்டரில் இருக்கும் பின் ஃபைலின் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும், இடைவெளி, அடைப்புக்குறி உட்பட. நம்மவர்களுக்கு இறக்கிய ஃபைலின் நீளப் பெயரைப் பார்த்தால் கை அரிக்கும், சுருக்கிப் பெயர் வைத்துவிடுவோம். அதைச் செய்தால் க்யூவுக்குள்ளும் மாற்ற வேண்டும். பர்மிய எழுத்திலோ தமிழிலோ பெயர் வைப்பதையும் இந்த ஃபைல்களுக்கு மட்டும் தவிர்த்துவிடுங்கள், சில எமுலேட்டர்கள் அதைப் பார்த்து மிரளும். ராஸ்பெரி பை போன்ற லினக்ஸ் பெட்டி என்றால் ஆங்கிலப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் கூடக் கணக்கு.

போன் என்பதால் இன்னும் இரண்டு. ஜிப்புக்குள் இருக்கும்போதே கேமைத் திறக்காதீர்கள், முழுவதையும் பிரித்துத் தனி ஃபோல்டரில் போடுங்கள். அடுத்தது ஆண்ட்ராய்டின் அனுமதிக் கெடுபிடி. சில எமுலேட்டரில் ஒரு ஃபைலைத் தேர்ந்தெடுத்தால் அந்த ஒரு ஃபைலைப் படிக்கத்தான் அனுமதி கிடைக்கும், க்யூ தெரியும், பக்கத்திலிருக்கும் பின்கள் தெரியாது. கேம் ஃபோல்டரையே சேர்க்கும் வசதி அமைப்புகளில் இருக்கும், அந்த வழியாகப் போனால் தீர்ந்தது.

கேள்வி: பின் ஃபைல் இருக்கிறது, க்யூ இல்லை. நானே எழுதிக்கொள்ளலாமா?
(பெகு)

பதில்: ட்ராக் ஒவ்வொன்றும் தனி பின்னாக இருந்தால் தாராளமாக. ஒவ்வொன்றுக்கும் ஒரு ஃபைல் வரி, ஒரு ட்ராக் வரி, ஒரு இண்டெக்ஸ் வரி, அவ்வளவுதான். மெகா சிடி, செகா சாட்டர்ன் கேம்களின் டேட்டா ட்ராக்குக்கு மோட் 1/2352, பிளேஸ்டேஷனுக்கு மோட் 2/2352. சேமிக்கும்போது விண்டோஸ் ஓசைப்படாமல் பெயரின் கடைசியில் டிஎக்ஸ்டி என்று ஒட்டிவிடும், அதைப் பார்த்து நீக்குங்கள்.

எல்லாம் ஒரே பெரிய பின்னாக இருந்தால் நீங்களாக எழுத முடியாது, பாட்டு ஒவ்வொன்றும் எந்த நிமிடம், எந்த நொடி, எந்த ஃப்ரேமில் தொடங்குகிறது என்று தெரிந்தாக வேண்டும். ஒரு நொடிக்கு 75 ஃப்ரேம், அதனால்தான் இண்டெக்ஸ் வரியின் கடைசி எண் 74-ஐத் தாண்டாது. ரீடம்ப் என்று டிஸ்குகளை ஆவணப்படுத்தும் திட்டம் ஒன்று இருக்கிறது, அவர்கள் ஆவணப்படுத்திய பதிப்புகளுக்கு ஒவ்வொரு ட்ராக்கின் நீளத்தையும் குறித்து வைத்திருக்கிறார்கள். உங்கள் பின்னின் அளவு அவர்கள் குறித்திருக்கும் மொத்த அளவோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிட்டு, அந்த நீளங்களை வைத்துத் தொடக்க நேரங்களைக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். ஜப்பான் பதிப்பின் க்யூவை அமெரிக்கப் பதிப்புக்குப் போட்டால் பாட்டு பாதியில் தொடங்கி அடுத்ததின் பாதியில் முடியும்.

கேள்வி: என்னிடமுள்ள சொந்த டிஸ்கை லினக்ஸில் சிடிஆர்டிஏஓ நிரலில் எடுத்தேன். கேம் ஓடுகிறது. பாட்டு வர வேண்டிய இடத்தில் ‘ஸ்ஸ்ஸ்’ என்று டிவியில் சேனல் போனது மாதிரி இரைச்சல். தலை வலிக்கிறது.
(மாந்தலே)

பதில்: இந்தக் கடிதத்தைப் பார்த்து எனக்குச் சந்தோஷம், ஏனென்றால் சரிசெய்ய முடிந்த கோளாறு இது. உங்கள் பாட்டு பத்திரமாக இருக்கிறது, பைட்டுகள்தான் முன்பின் மாறி நிற்கின்றன.

சிடி பாட்டின் கணக்கைக் கொஞ்சம் பார்ப்போம். 1980-இல் பிலிப்ஸும் சோனியும் வகுத்த விதி இன்றும் அப்படியேதான் இருக்கிறது, நொடிக்கு 44,100 மாதிரிகள், ஒவ்வொன்றும் 16 பிட், இடம் வலம் என இரண்டு தடம். அதாவது நொடிக்கு 176,400 பைட், நிமிடத்துக்கு ஏறக்குறைய 10 எம்பி. 16 பிட் என்றால் இரண்டு பைட். அந்த இரண்டில் எது முதலில் வர வேண்டும் என்பதில்தான் தகராறு. அந்த நிரல் வழக்கமாகப் பெரிய பைட்டை முதலில் எழுதும், எமுலேட்டர்களோ சின்ன பைட் முதலில் வரும் என்று எதிர்பார்க்கும். வரிசை மாறினால் இசை முழுக்க இரைச்சலாகிவிடும். டேட்டா ட்ராக்குக்கு இந்தச் சிக்கல் கிடையாது, அதனால் கேம் மட்டும் ஒழுங்காக ஓடுகிறது.

உறுதிப்படுத்திக்கொள்ள ஆடாசிட்டி என்ற ஒலி திருத்தும் நிரல் போதும். அதில் ‘ரா டேட்டா’ இறக்குமதி என்று ஒன்று உண்டு. பாட்டு ட்ராக்கின் பின் ஃபைலைக் கொடுத்து, சைன்ட் 16 பிட், லிட்டில் எண்டியன் (சின்ன பைட் முதலில்), ஸ்டீரியோ, 44100 என்று வையுங்கள். இரைச்சல் வரும். அதையே பிக் எண்டியன் (பெரிய பைட் முதலில்) என்று மாற்றி இறக்கினால் பாட்டு கணீரென்று கேட்கும். ஒரே பெரிய பின் என்றால் ஆரம்பத்தில் டேட்டா இரையும், அலைவடிவத்தைப் பார்த்துப் பாட்டு இருக்கும் இடத்துக்குத் தள்ளிப் போய்க் கேளுங்கள். ஹெட்போன் போட்டிருந்தால் முதலில் ஒலியைக் குறைத்துக்கொள்ளுங்கள், விளையாட்டில்லை.

தீர்வு, அதே தொகுப்பில் வரும் டாக்டூக்யூ (toc2cue) நிரல்தான். அதில் பைட் வரிசையை மாற்றும் வசதி இருக்கிறது. க்யூவில் ‘பைனரி’ என்ற சொல்லை ‘மோட்டரோலா’ என்று மாற்றினாலும் சில எமுலேட்டர் புரிந்துகொள்ளும், ஆனால் எல்லாம் அல்ல, அதனால் ஃபைலையே மாற்றி வைப்பது நல்லது. (அந்தக் கம்பெனியின் ப்ராசஸர்கள் பெரிய பைட்டை முதலில் வைப்பவை, அதனால் வந்த பெயர்.)

கேள்வி: என் மகன் போனில் பிளேஸ்டேஷன் கேம் விளையாடுகிறான். சிலதில் பாட்டு வருகிறது, சிலதில் இல்லை. எல்லாமே ஒரே பின் ஃபைல்தான், ஒரே எமுலேட்டர்தான். கடைக்காரரிடம் கேட்டால் போனை மாற்றச் சொல்கிறார்.
(குடும்பத் தலைவி, மௌல்மேன்)

பதில்: அம்மா, போனை மாற்ற வேண்டாம். கடைக்காரருக்கு வியாபாரம் ஆக வேண்டும், அவ்வளவுதான்.

பிளேஸ்டேஷனில் பாட்டுக்கு மூன்று வழி உண்டு. சில கேம்களில் இசைக் குறிப்பு மட்டும் டேட்டாவில் இருக்கும், கன்சோலின் ஒலிச் சில்லு அதை அப்போதைக்கப்போது வாசிக்கும். ஃபைனல் ஃபேன்டஸி 7 அப்படி. இன்னும் சிலதில் சுருக்கிய ஒலியாக, எக்ஸ்ஏ என்ற முறையில், டேட்டா ட்ராக்குக்குள்ளேயே படத்துண்டுகளோடு கலந்திருக்கும். இந்த இரண்டுக்கும் பின் ஃபைல் ஒன்றே போதும். மூன்றாவதுதான் மேலே சொன்ன தனிப் பாட்டு ட்ராக். உங்கள் மகனுக்குப் பாட்டு வராத கேம்கள் இந்த மூன்றாவது வகையாக இருக்க வேண்டும். பின்னை மட்டும் கொடுத்தால், முழுவதும் ஒரே டேட்டா ட்ராக் என்று எமுலேட்டர் எடுத்துக்கொள்ளும். அந்த கேம்களுக்கு மட்டும் க்யூவைத் தேடிச் சேர்க்கச் சொல்லுங்கள்.

இதில் இன்னொரு கூத்தும் உண்டு. இடம் மிச்சம் பிடிக்கிறேன் என்று பிளேஸ்டேஷன் டிஸ்கை 2048 பைட் ஐஎஸ்ஓவாக மாற்றினால் எக்ஸ்ஏ பாட்டும் போய்விடும், படக்காட்சிகளும் சிதறிப்போகும். எக்ஸ்ஏ செக்டாரில் 2324 பைட் விஷயம் இருக்கிறது, அதை 2048-க்குள் அடக்க முடியாது.

அவனுக்கு வெப்-ரிப்பன் என்ற கேமைக் காட்டுங்கள், 1999-இல் வந்தது. கேம் மொத்தமும் மெமரிக்குள் ஏறிவிடும். டிஸ்கை வெளியே எடுத்துவிட்டு உங்கள் சொந்தப் பாட்டு சிடியைப் போட்டால் அந்தப் பாட்டுக்குத் தகுந்தபடி பாதையை அதுவே போடும். முதல் ரிட்ஜ் ரேசரிலும் ஏறியபின் டிஸ்கை மாற்றி நம் பாட்டைக் கேட்டுக்கொண்டே வண்டி ஓட்டலாம். எமுலேட்டரிலும் ‘டிஸ்க் மாற்று’ என்ற வசதி வழியாக இது நடக்கும், பாட்டு சிடியை பின்னும் க்யூவுமாக எடுத்து வைத்திருந்தால் போதும். நாதஸ்வர சிடியைப் போட்டு ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள், நான் சிபாரிசு செய்கிறேன்.

கேள்வி: நண்பன் கொடுத்த மெகா சிடி கேமில் ஒரு ஐஎஸ்ஓவும் நிறைய எம்பி3 ஃபைல்களும் இருக்கின்றன. பாட்டு வருகிறது, ஆனால் ஒவ்வொரு இடத்திலும் தப்பான பாட்டு. சண்டைக் காட்சியில் முடிவுப் பாட்டு!
(தட்டோன்)

பதில்: மெதுவான இணைய இணைப்புக் காலத்தில் பாட்டு ட்ராக்குகளை எம்பி3 ஆக்கி இப்படித்தான் கட்டி அனுப்பினார்கள். பெரும்பாலும் எம்பி3 பெயர்கள் 01 என்று தொடங்கியிருக்கும், க்யூவிலோ முதல் பாட்டு ட்ராக் 02. ஒரு எண் நகர்ந்தால் மொத்தமும் நகரும். க்யூவைத் திறந்து எந்த ட்ராக்குக்கு எந்த ஃபைல் என்று பொறுமையாகச் சரிபாருங்கள். எண் சரியாக இருந்தும் பாட்டுகள் இரண்டு நொடி முன்பின் தொடங்கினால், டேட்டா ட்ராக்குக்கும் முதல் பாட்டுக்கும் நடுவே இருக்க வேண்டிய 2 நொடி இடைவெளி விட்டுப்போயிருக்கும். ட்ராக் 02-இன் கீழே ‘ப்ரீகேப் 00:02:00’ என்ற வரியைச் சேர்த்துப் பாருங்கள்.

எம்பி3-ஐ எல்லா எமுலேட்டரும் ஏற்காது. வேவ் ஆக மாற்றிக்கொண்டால் (44100, 16 பிட், ஸ்டீரியோ) தொல்லை குறைவு. க்யூவிலும் எம்பி3 என்ற சொல்லை ‘வேவ்’ என்று மாற்ற மறக்கக் கூடாது. என் அபிப்பிராயம் கேட்டால், இந்தக் கட்டுகளோடு மல்லுக்கட்டுவதைவிட டிஸ்க் வைத்திருப்பவர் யாரையாவது பிடித்துப் புதிதாக எடுப்பதே மேல்.

கேள்வி: பிசி எஞ்சின் (ஒரு பழைய ஜப்பான் கன்சோல்) சிடி கேம் ஐஎஸ்ஓ போட்டால் திறக்கவே இல்லையே?
(ரங்கூன்)

பதில்: திறக்காது. அந்த டிஸ்குகளில் வழக்கமாக முதல் ட்ராக்கே பாட்டு, அல்லது ‘இதைச் சிடி ப்ளேயரில் போடாதீர்கள்’ என்று எச்சரிக்கிற குரல். கேம் இரண்டாவது ட்ராக்கில்தான் இருக்கும். க்யூ இல்லாமல் இந்த கன்சோலில் ஒரு அடி நகர முடியாது. சிஸ்டம் கார்டு பயாஸ் ஃபைலும் (கன்சோலைத் தொடங்கி வைக்கும் நிரல்) வேண்டும்.

கேள்வி: மெமரி கார்டில் இடம் இல்லை. சிஎச்டி (டிஸ்க் முழுவதையும் ஒரே ஃபைலாகச் சுருக்கும் வடிவம்) ஆக மாற்றினால் பாட்டு கெடுமா?
(ரங்கூன்)

பதில்: கெடாது. சிஎச்டி, பாட்டு ட்ராக்குகளை ஃப்ளாக் முறையில் சுருக்குகிறது, ஒரு பைட்டும் இழப்பில்லை. மாமே என்ற எமுலேட்டர் தொகுப்பில் வரும் சிஎச்டிமேன் நிரலில் ‘கிரியேட்சிடி’ என்ற கட்டளை, வேண்டாமென்றால் ‘எக்ஸ்ட்ராக்ட்சிடி’ கொடுத்துப் பழையபடி பின்னும் க்யூவுமாக எடுத்துக்கொள்ளலாம். முப்பது பின் ஃபைல்கள் இருந்த இடத்தில் ஒரே ஃபைல், பெயர் மாற்றினாலும் ஒன்றும் உடையாது, எனக்கு இதுதான் ரொம்பப் பிடித்தது.

ஒரே எச்சரிக்கை. கட்டளைக்கு க்யூவைத்தான் கொடுக்க வேண்டும். பாட்டில்லாத ஐஎஸ்ஓவை சிஎச்டி ஆக்கினால் பாட்டில்லாத சிஎச்டிதான் கிடைக்கும். அதனால் முதலில் எமுலேட்டரில் பாட்டு கேட்கிறதா என்று பார்த்துவிட்டு மாற்றுங்கள், பழையதை அழிப்பது அதற்கப்புறம்.

கேள்வி: டிரீம்காஸ்ட் (செகாவின் கன்சோல்) கேமின் சிடிஐ ஃபைலில் பாட்டு கரகரவென்று மட்டமாக இருக்கிறது, சிலதில் இல்லவே இல்லை.
(மாந்தலே)

பதில்: டிரீம்காஸ்டின் டிஸ்க் ஜிடி ரோம், சுமார் 1 ஜிபி பிடிக்கும். அதைச் சாதாரண 700 எம்பி சிடிக்குள் திணிக்கத் திருட்டுப் பதிப்புக்காரர்கள் பல கேம்களில் பாட்டையும் படத்தையும் தரம் குறைத்தார்கள், சிலதில் வெட்டியே எறிந்தார்கள். வெட்டினதை ஒட்ட முடியாது. ஜிடிஐ வடிவில் முழுசாக எடுத்த பதிப்பு வேண்டும்.

கேள்வி: க்யூ சரி, பெயர் சரி, ஆடாசிட்டியிலும் பாட்டு கேட்கிறது. எமுலேட்டரில் மட்டும் இல்லை!
(பெகு)

பதில்: அப்படியானால் யாரோ ஒலியைக் குறைத்து வைத்திருக்கிறார்கள். ரெட்ரோஆர்ச் என்ற கூட்டு நிரலில் ஜெனசிஸ் ப்ளஸ் ஜிஎக்ஸ், பீட்டில் பிசிஇ ஆகிய கோர்களில் (உள்ளே ஓடும் எமுலேட்டர்கள்) சிடி பாட்டுக்கென்றே தனி வால்யூம் உண்டு, பிளேஸ்டேஷன் எமுலேட்டரான டக்ஸ்டேஷனில் சிடி ஒலியை அடைக்கும் பொத்தானே இருக்கிறது. அங்கே பாருங்கள். கேமுக்குள்ளேயும் ஒரு தடவை பாருங்கள், தம்பி தங்கைகள் இருக்கும் வீடு என்றால் முக்கியமாக.

கேள்வி: கார்டுக்கு காப்பி எடுக்கும்போது கரண்ட் போய்விட்டது. இப்போது ஏழாவது பாட்டு மட்டும் பாதியில் நிற்கிறது. எல்லாவற்றையும் திரும்ப எடுக்க வேண்டுமா?
(மௌல்மேன்)

பதில்: வேண்டாம். ட்ராக் 7-இன் பின் ஃபைல் பாதிதான் ஏறியிருக்கும். அதன் அளவை மூல ஃபைலோடு ஒப்பிடுங்கள். மூல ஃபைல் கைவசம் இல்லையென்றால் பைட் கணக்கை ஒரு செக்டாரின் அளவான 2352-ஆல் வகுத்துப் பாருங்கள், மீதி வந்தால் ஃபைல் நிச்சயமாகக் குறை. மீதி வராவிட்டாலும் குறையே இல்லை என்று சொல்லிவிட முடியாது, ஆனால் பெரும்பாலும் இதிலேயே பிடிபடும். அந்த ஒரு ஃபைலை மட்டும் திரும்பக் காப்பி எடுங்கள், கார்டைப் பிடுங்குவதற்கு முன் கணினியில் ‘வெளியேற்று’ கொடுத்துவிடுங்கள். மற்ற ட்ராக்குகளையும் க்யூவையும் தொட வேண்டாம்.